ஏக்ரன் நகரத்து ஐவர்

ஒரே அணி, ஒரே மூச்சு – 9

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன், ஒரு காலத்தில் உலகின் ரப்பர் தலைநகரம் என்று பெயரெடுத்த ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என டயர் உலகின் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே ஆலை நடத்தின. 1970களிலும் 80களிலும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலையை நம்பி அங்கே குடியேறியிருந்த உழைக்கும் குடும்பங்கள் திண்டாடிப் போயின. அந்த ஊரில் வளர்ந்த ஐந்து பையன்கள் ஒரே பள்ளி அணியில் விளையாடி, 2003இல் அந்த அணியை அமெரிக்காவின் முதல்நிலை உயர்நிலைப்பள்ளிக் கூடைப்பந்து அணியாக உயர்த்தினார்கள்.

ஐவரில் ஒருவர் லெப்ரான் ஜேம்ஸ். என்.பி.ஏ. வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்த வீரர். மற்ற நால்வர் ட்ரூ ஜாய்ஸ், சியான் காட்டன், வில்லி மெகீ, ரோமியோ டிராவிஸ். லெப்ரானின் புகழ் வெளிச்சத்தில் மற்ற நால்வரின் பெயர்கள் மங்கிவிட்டன. ஆனால், அந்த அணி உருவான விதத்தையும், நடுவில் சறுக்கி மீண்டும் எழுந்த விதத்தையும் ஆண்டுவாரியாகப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் நட்பே முன்னால் நிற்கிறது.

சின்னக் களத்தில் தொடக்கம்

லெப்ரான் 1984 டிசம்பர் 30 அன்று பிறந்தார். அப்போது அவருடைய தாய் குளோரியாவுக்கு வயது 16. நிலையான வீடு கிடையாது. தாயும் மகனும் அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான்காம் வகுப்பில் ஏறத்தாழ பாதி நாட்கள் லெப்ரான் பள்ளிக்கே போகவில்லை. உள்ளூரில் சிறுவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுத்துவந்த ஃபிராங்க் வாக்கர், பையனைத் தன் வீட்டில் தங்கவைத்துக்கொண்டார். மறு ஆண்டு லெப்ரான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

அந்த நாட்களில் அவருக்கு அறிமுகமான இன்னொரு பெரியவர் ட்ரூ ஜாய்ஸ். உணவுப்பொருள் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர். அவரும் அமெரிக்கக் கால்பந்துக்காரர்தான். மகனுக்குக் கூடைப்பந்தில் இருந்த வெறியைப் பார்த்து, புத்தகம் படித்தும் பயிற்சி வகுப்புகளுக்குப் போயும் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார். மகனுக்கும் அதே பெயர் என்பதால் ஊரில் அவனைச் ‘சின்ன ட்ரூ’ என்றார்கள். சின்ன ட்ரூ, லெப்ரான், உருவத்தில் பெரியவரான சியான் காட்டன் ஆகிய மூவரையும் வைத்து ‘ஷூட்டிங் ஸ்டார்ஸ்’ என்ற சிறுவர் அணி தொடங்கியது. சியானின் தந்தை லீ காட்டன் உதவிப் பயிற்சியாளர். சிகாகோவிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்துசேர்ந்த வில்லி மெகீ பிறகு நான்காவது ஆளானார்.

பயிற்சி நடந்த இடம் மேப்பிள் தெருவில் இருந்த சால்வேஷன் ஆர்மி கூடம். மரத்தளம் கிடையாது, லினோலியம் விரித்த தரை. ஆடுகளமும் முழு அளவில் இல்லை. வெளியூர்ப் போட்டி என்றால் எல்லோரும் ஒரே வேனில் ஏறி மணிக்கணக்காகப் பயணம் செய்வார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடுவதும் தூங்குவதும் சாதாரணமாக நடந்தன. உடன்பிறந்தவர் இல்லாத லெப்ரானுக்கு அந்த மூவரே சகோதரர்கள் ஆனார்கள்.

அணியில் திறமை மிகுந்தவர் லெப்ரான் என்பது சிறு வயதிலேயே தெரிந்துவிட்டது. பந்து கையில் கிடைத்தால் தானே கொண்டுபோய்ப் போட்டுவிடத் துடிக்கும் வயது அது. மற்றவருக்குப் பாஸ் கொடுப்பவனோடு விளையாடத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள் என்று பெரிய ட்ரூ அவரிடம் எடுத்துச் சொன்னார். பின்னாளில் என்.பி.ஏ.யில் லெப்ரானின் தனி அடையாளமாகப் பேசப்பட்ட பாஸ் ஆட்டத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

1999இல், எட்டாம் வகுப்பு முடியும் தறுவாயில், ஷூட்டிங் ஸ்டார்ஸ் தேசிய இறுதிப் போட்டி வரை போனது. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், தெற்குக் கலிஃபோர்னியாவின் பலம் வாய்ந்த அணியோடு மோதல். கடைசி நொடிகளில் ஏக்ரன் பையன்கள் இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். தொலைவிலிருந்து லெப்ரான் எறிந்த பந்து வளையத்தில் இறங்கப்போவதுபோலப் போக்குக் காட்டி வெளியே தெறித்தது. 68–66 எனத் தோல்வி. தேசியப் பட்டத்தை என்றாவது ஒன்றாகச் சேர்ந்தே வெல்ல வேண்டும் என்ற பிடிவாதம் நால்வருக்கும் அந்தத் தோல்வியில் வந்தது.

சின்ன ட்ரூவுக்காக ஒரு முடிவு

ஒன்றாக வெல்ல வேண்டுமானால் ஒரே உயர்நிலைப்பள்ளியில் சேர வேண்டும். ஏக்ரனின் கறுப்பின மக்கள் தங்கள் பள்ளியாகக் கருதியது புக்டெல் அரசுப் பள்ளி. அதன் கூடைப்பந்து அணிக்கும் நல்ல பெயர் இருந்தது. நால்வரும் அங்கேதான் சேர்வார்கள் என்று ஊரே நம்பியது. பெரிய ட்ரூவும் அங்கே உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார்.

சிக்கல் சின்ன ட்ரூவின் உயரத்தில் வந்தது. லெப்ரான் ஆறடியைத் தாண்டி வளர்ந்துவிட்ட அந்த நேரத்தில், சின்ன ட்ரூ ஐந்தடியை ஒட்டித்தான் நின்றார். புக்டெல்லின் முதல் அணியில் தனக்கு உடனே இடம் தர மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. வேறு பள்ளி தேட முடிவு செய்தார். ஞாயிறு மாலைகளில் யூதச் சமூகக் கூடத்தில் பயிற்சி வகுப்பு நடத்திய கீத் டாம்ப்ராட், செயின்ட் வின்சென்ட்–செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கத் தனியார் பள்ளியின் பயிற்சியாளராகியிருந்தார். அவர் உயரம் பார்க்கவில்லை, ஆட்டம் பார்த்தார். சின்ன ட்ரூ அங்கே போவது என்று முடிவானது.

மற்ற மூவருக்கும் புக்டெல்லின் கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் நண்பனைத் தனியே விட மனமில்லாமல் அவர்களும் பின்னாலேயே போனார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பள்ளிக்கு அவர்கள் போனதை ஊரில் பலர் துரோகம் என்றே பேசினார்கள். டாம்ப்ராட்டுக்கும் ஒரு கறை இருந்தது. சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியை நடத்தியபோது வீரர்கள் அறையில் இனவசைச் சொல் ஒன்றைப் பயன்படுத்தியதற்காக 1993இல் வேலையிழந்தவர் அவர். இத்தனையும் தெரிந்த பிறகும் நால்வரும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அணியிலேயே குள்ளமான பையனுக்கு விளையாட இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அணியின் மிகப் பெரிய திறமைசாலி தன் பள்ளியை மாற்றிக்கொண்டார். பின்னால் வந்த எல்லாப் பட்டங்களுக்கும் தொடக்கம் இந்த முடிவுதான்.

27 ஆட்டம், 27 வெற்றி

டாம்ப்ராட் பள்ளிப் பையன்களுக்குக் கல்லூரி அணிக்குரிய பயிற்சி கொடுத்தார். அதிகம் திட்டு வாங்கியவர் லெப்ரான். முதல் ஆண்டான 1999–2000இல் அணி 27 ஆட்டங்களிலும் வென்று மாநிலப் பட்டம் பெற்றது. அப்போது கடைசி ஆண்டு மாணவராக அணியில் இருந்த மேவரிக் கார்ட்டர்தான் பின்னாளில் லெப்ரானின் தொழில் கூட்டாளி ஆனார்.

இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் சின்ன ட்ரூ. வயதில் மூத்த, உயரத்தில் மிகப் பெரிய எதிரணியினர் அவரைப் பொருட்படுத்தவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் ஏழு முறை எறிந்தார், ஏழும் விழுந்தன. ஆட்டம் 73–55 என முடிந்தது. நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஜெனரல்’. பாயின்ட் கார்டாக நின்று, தன்னைவிட ஓரடி உயரமானவர்களையும் எங்கே நிற்க வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்று அதட்டி ஆட்டிவைப்பார். லெப்ரான் உள்பட யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

ஐந்தாமவர்

இரண்டாம் ஆண்டில் வேறொரு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார் ரோமியோ டிராவிஸ். உயரமானவர், ரீபவுண்டு எடுப்பதில் வல்லவர். அதேசமயம் யாரோடும் எளிதில் ஒட்டாதவர். நால்வரும் சிறு வயதிலிருந்தே ஒன்றாக இருந்ததால், அவர்களுக்குள் ஓடும் கேலியும் குறிப்பும் வெளியாளுக்குப் புரியாது. பழைய நட்பு தன்னையறியாமல் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ரோமியோ முழுதாக அவர்களில் ஒருவராக மாறுவதற்குக் காலம் பிடித்தது. களத்தில் பாஸ்கள் சரியாக வந்து சேர்ந்தபோதும், களத்துக்கு வெளியே ஒன்றாகச் சுற்ற அழைத்தபோதும்தான் அந்தப் பூட்டு மெல்லத் திறந்தது.

அந்த ஆண்டு 26 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. வர்ஜீனியாவின் புகழ்பெற்ற ஓக் ஹில் அகாடமியிடம் 79–78 என ஒரு புள்ளியில் இழந்த ஆட்டம் அது. மாநிலப் பட்டம் மறுபடியும் கிடைத்தது.

சறுக்கல்

2001இல் டாம்ப்ராட், ஏக்ரன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர் பதவி கிடைத்துக் கிளம்பினார். தங்களைக் கைவிட்டுவிட்டார் என்று பையன்கள் கோபப்பட்டார்கள். பொறுப்பு பெரிய ட்ரூவிடம் வந்தது. குழந்தைப் பருவம் முதல் பார்த்துப் பழகியவர் என்பதாலேயே அவர் சொல்லை அவர்கள் அலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். 2002 பிப்ரவரியில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ், பதினேழு வயது லெப்ரானை அட்டையில் போட்டது. கூட்டம் தாங்காமல் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் பல்கலைக்கழக அரங்குக்கு மாற்றப்பட்டன. எங்கே போனாலும் ரசிகர்கள், கேமராக்கள், கையெழுத்து கேட்போர்.

மார்ச் மாதம் மாநில இறுதியில் சின்சினாட்டியின் ரோஜர் பேகன் பள்ளி 71–66 என அவர்களை வீழ்த்தியது. நட்பு குறைந்ததால் வந்த தோல்வி அல்ல அது. நண்பர்கள் ஐவரும் சேர்ந்தே பயிற்சியில் அசட்டையாக இருந்தார்கள். ஒருவரை ஒருவர் தட்டிக்கேட்கவில்லை. தோழனின் தவற்றைச் சுட்டிக்காட்டத் தயங்கும் அணி எவ்வளவு திறமை இருந்தாலும் தோற்கும்.

கடைசி ஆண்டு

2002–03இல் ஐவரும் பெரிய ட்ரூவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். ஷூட்டிங் ஸ்டார்ஸ் காலம் முதல் உடன் ஆடிய வில்லி மெகீ இப்போது தொடக்க ஐவரில் இல்லை. பெஞ்சில் அமர்ந்து, அழைக்கும்போது இறங்கி, கொடுத்த நிமிடங்களில் உழைத்தார். தன் இடத்தை விட்டுக்கொடுத்தும் முகம் சுளிக்காத ஒருவர் பெஞ்சில் இருப்பது எந்த அணிக்கும் பெரும் பலம். டிசம்பரில், தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டத்தில் ஓக் ஹில்லை 65–45 என வென்று பழைய கணக்கைத் தீர்த்தார்கள்.

சோதனை ஜனவரி இறுதியில் வந்தது. கடையொன்றில் 845 டாலர் மதிப்புள்ள இரண்டு ஜெர்சிகளை இலவசமாகப் பெற்றார் என்று சொல்லி, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் லெப்ரானை விளையாடத் தகுதியற்றவராக அறிவித்தது. அடுத்த ஆட்டம் கேன்டன் மெக்கின்லி பள்ளியோடு. லெப்ரான் பெஞ்சில் அமர்ந்து பார்க்க, மற்றவர்கள் 63–62 என வென்றார்கள். நட்சத்திரம் இல்லாமலும் அது ஓர் அணிதான் என்பதை அந்த ஒற்றைப் புள்ளி உறுதி செய்தது. சில நாட்களில் நீதிமன்றம் லெப்ரானை மீண்டும் விளையாட அனுமதித்தது.

மாநில இறுதியில் கெட்டரிங் ஆல்டர் பள்ளி பந்தை நெடுநேரம் தன் வசமே வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தது. ஒஹாயோ பள்ளி ஆட்டங்களில் இத்தனை நொடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. பொறுமை இழக்காமல் தடுத்தாடிய ஐவர் அணி 40–36 என வென்றது. 40 புள்ளிகளில் 25 லெப்ரானுடையவை. எதிரணியை 36இல் நிறுத்தியது எல்லோருடைய உழைப்பு. ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழின் தேசியப் பட்டியலில் அணி முதலிடம் பெற்றது. ஆர்லாண்டோவில் கைநழுவிய தேசியப் பட்டம் நான்கு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

அதன் பிறகு

2003 ஜூன் 26 அன்று என்.பி.ஏ. தேர்வில் கிளீவ்லாண்ட் அணி லெப்ரானை முதல் ஆளாக எடுத்தது. சின்ன ட்ரூவும் ரோமியோவும் ஏக்ரன் பல்கலைக்கழகத்துக்கு விளையாடப் போனார்கள். டாம்ப்ராட் அங்கே தலைமைப் பயிற்சியாளராகி மீண்டும் அவர்களை வழிநடத்தினார். சியான் அமெரிக்கக் கால்பந்து ஆடக் கல்லூரிக்குச் சென்றார். வில்லி தான் படித்த பள்ளிக்கே விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பினார். 2024இல் டாம்ப்ராட், டுகேன் பல்கலைக்கழக அணியை 1977க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியக் கல்லூரிப் போட்டித் தொடருக்குக் கொண்டுபோய்விட்டு ஓய்வு பெற்றார். அவருடைய இடத்தில் தலைமைப் பயிற்சியாளராக அமர்ந்தவர், உயரம் போதாது என்று ஒதுக்கப்படுவோமோ எனப் பயந்த அதே சின்ன ட்ரூ.

ஏக்ரன் அணியிடமிருந்து பள்ளிப் பயிற்சியாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. பையன்களைச் சிறு வயதிலேயே சேர்த்துவைத்து, பல ஆண்டுகள் பிரிக்காமல் வளர்க்க வேண்டும். புதிதாக வருபவனுக்கு இடம்விடப் பழையவர்களைப் பழக்க வேண்டும். நண்பன் தவறினால் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். லெப்ரானைப் போன்ற திறமைசாலி எல்லா ஊரிலும் பிறப்பதில்லை. ஆனால், இந்த மூன்றையும் எந்த ஊர்ப் பள்ளியும் நாளைக்கே தொடங்கலாம்.

(தொடரும்)