துண்டுக்குள் விலை

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். சாமி கும்பிட வந்தவர் மாடு பார்க்கிறார். மாடு பிடிக்க வந்தவர் பெண்ணுக்கு வரன் விசாரிக்கிறார். மாட்டுச் சந்தைகளுக்கே உரிய வழக்கம் ஒன்றுண்டு. துண்டால் மூடிய கைகளுக்குள் விரல்களைப் பற்றித் தரகர் விலை பேசுவார். வாயோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கேட்ட விலையும் மறுத்த விலையும் பிறர் அறியாமையால், பேரம் முறிந்தாலும் எவர் முகமும் வாடுவதில்லை. மாட்டை விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தம்மிடமே வைத்துக்கொள்வதும் உண்டு. வீட்டு இலக்குமியைக் கயிற்றோடு அனுப்ப மனம் வருவதில்லை.

இத்தகைய மறைவில் ஏமாற்றத்துக்கும் இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சரியான எடை, நியாய விலை என்னும் நோக்கத்தோடுதான் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. நம் சங்கங்களின் நோக்கமும் அதுவே. ஆயினும் நம் அங்கத்தினரிற் சிலர் ஏன் இன்னும் மண்டிக்கே சரக்கை ஏற்றுகின்றனர்?

தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில் மஞ்சள் விளைவிக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். மண்டியில் தரகு, சாம்பிள், கழிவு என்று போவதையெல்லாம் காகிதத்தில் கூட்டியும் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கணக்கு எனக்கும் தெரியுமுங்க. எங்க அப்பா செத்த அன்னைக்கு மண்டிக்காரர் மாலையோட வந்து நின்னார். எம் மக கல்யாணத்துக்கு மொய் எழுதினார். சங்கத்திலிருந்து அந்த வாரம் வந்தது தவணை நோட்டீஸ்.”

நாம் காகிதத்தை மடித்துக்கொண்டோம். நோட்டீஸ் விதிப்படி சரியானதே, நாளும் சரியே. பாவும் ஊடையும் கொடுத்துக் கூலியைக் குறைக்கும் வியாபாரியை விட்டு வர நெசவாளர் தயங்குவதும் இதனாலேயே என்று அன்று விளங்கிற்று. மண்டிக்காரர் எழுதிய மொய் அங்கத்தினரின் பணமே என்று வாதிடலாம். ஆனால் துக்க வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்த பொழுது அவருடையதுதானே?

நடந்ததைச் சங்கத் தலைவரிடம் சொன்னோம். அடுத்த கூட்டத்தில், அங்கத்தினர் வீட்டுத் துக்கத்துக்குத் தலைவரோ காரியதரிசியோ நேரில் செல்வதென்று தீர்மானித்தனர். பஸ் கட்டணத்தை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று காரியதரிசி நம்மைக் கேட்டார். அதற்குத் தலைப்பு இல்லை. கையிலிருந்து போடுங்கள் என்றோம்.