ட்ரெய்னிங் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

ஐ.டி. கம்பெனிகளில் அடிக்கடி 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' ட்ரெய்னிங் நடக்கும். ரெண்டு நாள் வகுப்பு, நல்ல சாப்பாடு, கடைசியில் ஒரு ஃபீட்பேக் ஃபார்ம். எல்லாரும் அஞ்சுக்கு நாலு, நாலரை என்று போட்டுவிட்டுக் கிளம்புவோம். பயிற்சி வெற்றி என்று ஹெச்.ஆர். ஸ்லைடு போட்டுவிடும். உண்மையில் அந்த ஃபார்ம் சொல்வது, வகுப்பு எடுத்தவரை நமக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும்தான்.

1959-லேயே டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் இதை நாலு படியாகப் பிரித்தார். பிடித்ததா? கற்றார்களா? வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா? அதனால் வேலைக்குப் பலன் வந்ததா? நம்ம ஃபார்ம் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

சரி, நேராக நாலாவது படிக்கே போய்விடலாமா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கு. எங்க ஊர் போடியில் ஏலக்காய்க் கடைகளில் பெண்கள் உட்கார்ந்து ரகம் பிரிப்பார்கள். ஒரு முதலாளி அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் ஆளுக்கு ரெண்டு கிலோ கூடுதலாகப் பிரிக்கிறார்கள். பயிற்சியாலா? அல்லது சீசன் வந்து, காய் ஒரே சீராக வந்ததாலா? 'முன்பு, பின்பு' கணக்கு மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. அதே மாதம், அதே கடையில், பயிற்சி பெறாதவர்கள் எவ்வளவு பிரித்தார்கள் என்றும் தெரிய வேண்டும். யாருக்குப் பயிற்சி என்பதையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யணும். முதலாளியே சுறுசுறுப்பான ஆட்களாகப் பார்த்து அனுப்பினால் ஒப்பீடு கெட்டுப்போகும்.

இப்படி முறையாகச் செய்த ஆய்வு ஒன்று பெங்களூரில் நடந்திருக்கு. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸின் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில், பெண் தொழிலாளர்களுக்கு 'பேஸ்' என்ற பயிற்சி. கேப் நிறுவனம் உருவாக்கியது. பேசிப் பழகுதல், நேரத்தைத் திட்டமிடுதல், பிரச்சினையைத் தீர்த்தல் என்று கிட்டத்தட்ட 80 மணி நேரம், பல மாதங்களாகப் பிரித்து நடத்தினார்கள். இருந்த இடங்களைவிட அதிகம் பேர் பெயர் கொடுத்ததால் குலுக்கல். முதலில் எந்தத் தையல் லைன், பிறகு அந்த லைனில் யார் யார் என்று ரெண்டு கட்டம். அத்வர்யு, கலா, நிஷாதம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். கட்டுரை 2023-ல் வந்தது.

ஃபீட்பேக்கை நம்பாமல் தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13.5% கூடியிருந்தது. குலுக்கலை ரெண்டு கட்டமாக வைத்ததன் பயன் இங்கே தெரிகிறது: அதே லைனில் பயிற்சி பெறாதவர்களின் வேலையும் மேம்பட்டதைப் பார்க்க முடிந்தது. பேச்சு என்பது ஒருத்தரோடு நிற்கிற திறமை இல்லையே.

இனிமேல்தான் உறுத்துகிற கணக்கு. பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் கம்பெனிக்குக் கிடைத்த நிகர லாபம், செலவு செய்ததில் 250%-க்கும் மேல். அந்தப் பெண்களின் சம்பளம் உயர்ந்தது? சுமார் 0.5%. அவர்கள் வேறு இடத்துக்கு வேலை மாறியதும் கூடவில்லை.

ஆக, 'பலன் தந்ததா' என்று மட்டும் கேட்டால் இந்த ஆய்வுக்குப் பதில் பிரமாதமான 'ஆமாம்'. 'யாருக்கு' என்று கேட்டால் பதில் வேற. கிர்க்பாட்ரிக்கின் நாலு படிகளிலும் இந்தக் கேள்வி இல்லை. நாம்தான் சேர்த்துக்கொள்ளணும்.

உங்கள் ஆபீசில் எட்டு டீம் இருந்தால் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். சீட்டுக் குலுக்கி நாலு டீமுக்கு இப்போது, மீதி நாலுக்கு மூணு மாதம் கழித்து. எதை அளப்பது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். உதாரணமாக, தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் திரும்பி வந்த டிக்கெட் எத்தனை. எட்டு டீம் கம்மிதான், பெரிய மாற்றம் இருந்தால்தான் கண்ணில் படும். அப்படிப் பட்டால், அப்ரைசல் சமயத்தில் அந்த எண்ணை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.