மின்அடுப்பின் சிறுவிளக்கு: பழுதும் பழுதுநீக்கமும்

முன்னுரை

விறகடுப்பு தன் நிலையைத் தானே கூறிவிடும். சுடரும் புகையும் கங்கின் செம்மையும் அது எரிகின்றதா, அவிந்ததா என்பதை அடுக்களைக்கு வெளியே நிற்பவருக்கும் அறிவிக்கும். எரிவாயு அடுப்பிற்கும் நீலச்சுடரும் சீறும் ஓசையும் உண்டு. மின்அடுப்பிற்கோ இவற்றுள் எதுவும் இல்லை. திண்மப் பொருளொன்று ஏறத்தாழ 525 டிகிரி செல்சியசு வெப்பத்தை எட்டிய பின்னரே மங்கிய செந்நிறத்தில் ஒளிரத் தொடங்கும் என்பதை ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் அறிவியலாளர் 1847ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதற்குக் கீழே 200 டிகிரியிலோ 300 டிகிரியிலோ இருக்கும் மின்சுருள் கண்ணுக்குக் கரியதாக, குளிர்ந்ததைப் போலவே தோன்றும். தொட்ட விரலோ வெந்துபோகும். காண இயலாத இவ்வெம்மையைக் காட்டுவதற்கென அமைந்ததே குறிகாட்டி விளக்கு. அவ்விளக்குப் பழுதுபடும் வகைகளையும், பழுதின் இடத்தைக் கண்டறியும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேரடுப்பின் அமைப்பு

கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் 1892ஆம் ஆண்டில் தாமஸ் அஹெர்ன் என்பவர் விண்ட்சர் விடுதி விருந்து ஒன்றை முழுவதும் மின்சாரத்தாலேயே சமைத்துக் காட்டினார். அந்நாட்டிலும் அமெரிக்க நாட்டிலும் இன்று மேலே நான்கு சுருள்களும் கீழே ஒரு வெதுப்பறையும் கொண்ட 'ரேஞ்ச்' என்னும் பேரடுப்புப் பல இல்லங்களில் உள்ளது. டொரான்டோ முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதில்தான் சமைக்கின்றன.

இவ்வடுப்பிற்கு இரண்டு மின்கம்பிகளும் ஒரு நடுநிலைக் கம்பியும் வருகின்றன. மின்கம்பிகள் இரண்டிற்கும் இடையே 240 வோல்ட்டும், அவற்றுள் ஒன்றிற்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 120 வோல்ட்டும் அழுத்தம் இருக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு குமிழும், குமிழின் பின்னே ஒரு சுவிட்சும் உண்டு. சுவிட்சினுள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறி நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். குறைந்த வெப்பம், மிகுந்த வெப்பம் என்னும் வேறுபாடு இங்ஙனம் விட்டுவிட்டு மின்சாரம் பாய்வதனாலேயே உண்டாகிறது.

அதே சுவிட்சில் விளக்கிற்கெனத் தனியே ஒரு முனையும் இருக்கும். அதன் அருகே 'பி' என்னும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். குமிழைத் திருப்பியவுடன் இம்முனைக்கு மின்சாரம் வந்து சேரும். நான்கு சுவிட்சுகளின் 'பி' முனைகளும் ஒன்றாக இணைந்து ஒரே விளக்கிற்குச் செல்வது பரவலான அமைப்பாகும். ஆகவே நான்கில் எந்தக் குமிழ் திரும்பினாலும் விளக்கு எரிதல் வேண்டும். நான்கும் மூடிய பின்னரே அது அவிதல் வேண்டும்.

விளக்கின் இயல்பு

இவ்விளக்குப் பெரும்பாலும் சிறிய நியான் விளக்காகும். நம் நாட்டு இல்லங்களில் மின்சாரம் உண்டா என்று பார்க்கப் பயன்படும் 'டெஸ்டர்' திருப்புளிக்குள் செம்மஞ்சளாய் ஒளிர்வதும் இதன் இனமே. இதில் எரியும் இழை கிடையாது. இரு மின்வாய்களுக்கு இடையே நியான் வளிமம் நிறைந்திருக்கும். அழுத்தம் போதிய அளவை எட்டியதும் வளிமம் ஒளிரும். மின்னோட்டம் மிகாமல் இருக்க மின்தடை ஒன்று தொடரிணைப்பில் சேர்க்கப்பட்டிருக்கும்.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகிறது. இழைவிளக்கை மல்டிமீட்டரின் மின்தடை அளவையால் சோதிக்கலாம். நியான் விளக்கை அங்ஙனம் சோதித்தல் இயலாது. அளவியின் சிற்றழுத்தம் வளிமத்தை ஒளிரச் செய்யாதாகையால், நல்ல விளக்கும் அறுந்த விளக்கைப் போலவே காட்டும். இதனை அறியாதார் பழுதில்லாத விளக்கை எறிந்துவிட்டுப் பழுதுற்ற சுவிட்சை அப்படியே விட்டுவிடுவர்.

பழுதின் நால்வகை

முதலாவது, எந்தக் குமிழைத் திருப்பினும் விளக்கு எரியாமை. நான்கு சுவிட்சுகளும் ஒருங்கே கெடுதல் அரிது. எனவே அனைத்திற்கும் பொதுவான விளக்கையோ, அதற்குச் செல்லும் கம்பியையோ ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது, மூன்று குமிழ்களுக்கு எரிந்து, ஒன்றிற்கு மட்டும் எரியாமை. இங்கு விளக்கு நன்றாகவே உள்ளது. அந்த ஒரு சுவிட்சின் உட்தொடர்போ, அதன் 'பி' முனையில் செருகிய கம்பியோ பழுதுற்றிருக்கும்.

மூன்றாவது, விளக்கு நடுங்கி மினுங்குதல். முதுமையுற்ற நியான் விளக்கு ஒளிர்வதற்கு முன்னிலும் கூடுதலான அழுத்தத்தை வேண்டும். அதன் கண்ணாடி உட்புறம் கறுத்திருப்பதே அடையாளம். செருகுமுனை தளர்ந்திருப்பினும் இதே நிலை தோன்றும்.

நான்காவது, எல்லாக் குமிழ்களையும் மூடிய பின்னும் விளக்கு அவியாமை. நால்வகையுள்ளும் பெரிதும் கருதத்தக்கது இதுவே. ஏதோ ஒரு சுவிட்சின் உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டுள்ளன என்பது இதன் பொருளாகலாம். பல வடிவமைப்புகளில் விளக்கிற்கு மின்சாரம் தரும் அதே தகடுதான் சுருளின் ஒரு முனைக்கும் மின்சாரம் தருகிறது. அத்தகடு ஒட்டிக்கொண்டால், மூடிய நிலையிலும் சுருளில் 120 வோல்ட் அழுத்தம் நிற்கும். சுருள் குளிர்ந்திருக்கும், ஆயினும் அதில் மின்சாரம் உண்டு. இந்நிலையில் தொல்லை தருகிறதென்று விளக்கைப் பிடுங்கி எறிவது, கள்வனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

கண்ணாடிப் பரப்புள்ள அடுப்பு

மேற்பரப்பு முழுதும் கண்ணாடிப் பீங்கானால் ஆன அடுப்புகளில் 'பரப்புச் சூடாக உள்ளது' என அறிவிக்கும் மற்றொரு விளக்கும் இருக்கும். குமிழை மூடிய பின்னும் பரப்புக் குளிரும்வரை இது எரிவதே முறை; அதனைப் பழுதென மயங்குதல் கூடாது. சுருளின் குறுக்கே செல்லும் கோல் போன்ற வெப்பக் காப்பான் ஒன்று இவ்விளக்கை இயக்குகிறது. அதில் தொடர்புகள் இரண்டு. ஒன்று கண்ணாடி அளவிறந்து சூடேறாதபடி மின்சாரத்தை அறுக்கும்; மற்றொன்று பரப்புச் சூடானதும் விளக்கை ஏற்றும். இரவு முழுதும் அடுப்பை மூடியிருந்தும் காலையில் இவ்விளக்கு எரியுமாயின் இரண்டாம் தொடர்பு ஒட்டிக்கொண்டது என ஐயுறலாம். பல அடுப்புகளில் இக்காப்பானைச் சுருளுடன் சேர்த்தே மாற்ற நேரிடும்.

கண்டறிந்து நீக்கும் முறை

முதற்கண் மின்பலகையில் அடுப்பிற்குரிய இரட்டைப் பிரேக்கரை நிறுத்தி, அடுப்பின் செருகியையும் பிடுங்கிவிடல் வேண்டும். குமிழை மூடுவது மின்சாரத்தை நிறுத்துவதாகாது. பின்தகட்டைக் கழற்றிய பின், முனைகளில் அழுத்தம் இல்லை என்பதை அளவியால் உறுதி செய்தல் வேண்டும். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நன்று.

அடுத்து, ஒவ்வொரு சுவிட்சின் 'பி' முனையிலிருந்தும் கம்பியைக் கழற்றுக. கழற்றாமல் சோதித்தால் மற்றச் சுவிட்சுகளின் வழியே தொடர்பு தெரிந்து முடிவு தவறாகும். குமிழ் மூடிய நிலையில், மின்கம்பி வந்து சேரும் முனைகளுக்கும் 'பி' முனைக்கும் இடையே தொடர்பு இருத்தல் ஆகாது. திருப்பிய நிலையில் அவற்றுள் ஒன்றோடு தொடர்பு இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று பிழைத்தாலும் அச்சுவிட்சை மாற்றுதலே தக்கது. உள்ளே திறந்து தேய்த்துச் சரிசெய்ய முயல்வது வேண்டா. கருகிய தொடுமுனை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நான்கு சுவிட்சுகளும் கம்பிகளும் தேறினால் எஞ்சுவது விளக்கே. புதிய விளக்கு அதே வோல்ட் அளவினதாக இருத்தல் வேண்டும். 120 வோல்ட்டிற்கும் 240 வோல்ட்டிற்கும் அமைந்த விளக்குகளின் மின்தடை வெவ்வேறாகும்.

செருகுமுனை கருகியிருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதிய முனை பொருத்துக. இடையே புதிய கம்பி சேர்க்க நேர்ந்தால், மிகு வெப்பத்தைத் தாங்கும் அடுப்புக் கம்பியையே சேர்த்தல் வேண்டும். வீட்டுச் சுவரில் ஓடும் சாதாரணக் கம்பியின் உறை அடுப்பின் சூட்டில் இளகிவிடும்.

விளக்கு மின்னணுப் பலகையிலேயே பதிந்துள்ள புதுவகை அடுப்புகளில் பலகையையே மாற்ற நேரிடுவதால் அதனைத் தொழில் அறிந்தாரிடம் விடுதலே நன்று. வாடகை வீட்டில் அடுப்பு வீட்டுரிமையாளருடையதாயின், தாமே திறவாமல் அவருக்கு எழுத்தில் தெரிவித்தல் முறையாகும்.

முடிவுரை

பணி முடிந்தபின் நான்கு குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, விளக்கு எரிவதையும் மூடியதும் அவிவதையும் தனித்தனியே கண்டறிதல் வேண்டும். ஒரு குமிழைச் சோதித்து மூன்றை விட்டுவிட்டால் பணி முற்றுப்பெறாது.

எரியும் விளக்கு எச்சரிக்கை என்பது உண்மை. எனினும் எரியாத விளக்குப் பாதுகாப்பிற்குச் சான்றாகாது. விளக்கே அற்றுப்போயிருக்கலாம்; கம்பி கழன்றிருக்கலாம். சுருளைத் துடைக்குமுன் உள்ளங்கையைச் சற்று உயரே நீட்டி வெம்மையை அறியும் பழக்கத்தைப் பெரியோர் கொள்ளுதல் வேண்டும். குழந்தைகளுக்கோ விளக்கு எரியினும் எரியாவிடினும் அடுப்பை அணுகலாகாது என்றே கற்பித்தல் வேண்டும். விளக்கைத் திருத்துவது சில நாழிகைப் பணி. அது அவிந்திருக்கும்போதும் விழிப்புடன் இருப்பது நாள்தோறும் செய்ய வேண்டிய பணி.