சட்டம் யாருடையது?

தன் கோளாறைத் தானே கண்டறிந்து, தானே நிவர்த்தி செய்துகொள்ளும் கணிப்பொறி அமைப்புகளுக்கு நிபுணர்கள் ‘ஆட்டோநாமிக்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். இச்சொல் எங்கே பிறந்தது, வரும் வழியில் எதை இழந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

இதன் மூலம் கிரேக்க மொழி. ‘ஆட்டோஸ்’ என்றால் தான். ‘நோமோஸ்’ என்றால் சட்டம். அந்நியர் ஆணைக்குக் கட்டுப்படாமல், தன் சட்டப்படி வாழும் நகரத்தையே பண்டைக் கிரேக்கர் இந்த அடைமொழியால் குறித்தனர். ஆகவே, பிறப்பில் இது அரசியற் சொல். 1898-ல் கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி இதைச் சரீர சாஸ்திரத்துக்குக் கொண்டுவந்தார். இதயத் துடிப்பு, ஜீரணம், வியர்வை முதலியவற்றை நம் சித்தத்தை எதிர்பாராமல் நடத்திவைக்கும் நரம்புகளுக்கு இப்பெயரைச் சூட்டினார்.

அங்கிருந்து இது யந்திரத்துக்குத் தாவியது. கணிப்பொறி அமைப்புகள் ஒன்றோடொன்று பின்னிப் பெருகுவதால் அவற்றைப் பராமரிப்பது மனித சக்திக்கு மிஞ்சிப்போகும் என்று 2001-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சித் துறைத் தலைவர் பால் ஹார்ன் எச்சரித்தார். நரம்புகள் உடலைப் பேணுவது போலப் பொறியும் தன்னைப் பேணிக்கொள்ள வேண்டும் என்றார். அதே ஸ்தாபனத்தைச் சேர்ந்த கெப்பார்ட், செஸ் இருவரும் 2003-ல் அதற்கு முறை வகுத்தனர். கண்காணித்தல், ஆராய்தல், திட்டமிடல், நிறைவேற்றல் என்னும் நான்கும் ஓயாமல் சுழல வேண்டும். சேகரித்த அறிவு இவற்றுக்கு ஆதாரமாக நிற்க வேண்டும்.

நன்று. ஆனால் சட்டம் யாருடையது? நிர்வாகிகள் விதிக்கும் குறிக்கோளின்படியே பொறி தன்னை நடத்திக்கொள்ளும் என்று அவ்விருவருமே தெளிவாகக் கூறியிருக்கின்றனர். எது ஆரோக்கியம், எது நோய் என்று தீர்மானித்தவர் மனிதர். வேகம் ஒன்றே குறிக்கோள் என்று விதித்துவிட்டால், காவலில் உள்ள ஓட்டையைப் பொறி நோயென்று கருதாது. கிரேக்க நகரத்தின் உயிர்நாடியான ‘தன் சட்டம்’ இங்கே இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

தமிழில் நாம் அந்த நரம்புகளைத் ‘தானியங்கு’ நரம்புகள் என்கிறோம். அரசியல் உரிமையைத் ‘தன்னாட்சி’ என்கிறோம். ஒரே கிரேக்க வேரிலிருந்து கிளைத்த இரு கருத்துக்களை நம் மொழி பிரித்தே வைத்திருக்கிறது. அந்தப் பேதத்தைக் கைவிடலாகாது. ‘தன்னைப் பேணும் பொறி’ என்று சொல்லுவோம். ‘தன்னாட்சிப் பொறி’ என்று பட்டம் கட்ட வேண்டாம். கட்டினால், தீங்கு நேரும் நாளில் “பொறி செய்தது” என்று கைகழுவுவோருக்கு நாமே வழிவிட்டவர்களாவோம். சட்டம் விதித்தவன் எவனோ, அவனே பொறுப்பாளி.