குளோவர் இலை மேம்பாலம்: வசதியும் சிக்கலும்

சென்னை கத்திப்பாராவில் எந்த வளையத்தில் இறங்குவது என்று குழம்பியிருக்கிறீர்களா? பலருக்கும் நடப்பதுதான்!

2008-ல் திறக்கப்பட்ட இந்த மேம்பாலம் குளோவர் இலை வடிவம் கொண்டது. வலப்பக்கம் திரும்பணும்னா, பாலத்தைத் தாண்டி, இடப்பக்க வளையத்தில் முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டாம். சிக்னலில் நிற்கவும் வேண்டாம். இதுதான் பெரிய வசதி.

சிக்கல் எங்கே? ஒரு வளையத்திலிருந்து வருபவரும், அடுத்த வளையத்துக்குப் போகிறவரும் ஒரே குறுகிய தூரத்தில் தடம் மாறுகிறார்கள். உரசல் அங்கேதான். இடமும் நிறைய தேவை. நடந்து கடப்பதும் சிரமம்.

எனவே முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு, இடது தடத்துக்கு வந்து, வேகத்தைக் குறையுங்கள். வளையத்தைத் தவறவிட்டால் ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க. நேரே போய்த் திரும்பி வாருங்கள். கொஞ்சம் நேரம் போனால் போகட்டும், உயிர் முக்கியம்!