ஐந்து ஏ4 தாளில் ஒரு போர் விமானம்: 1918-ன் இரட்டை இறக்கை விமானத்தைக் காகிதத்தில் கட்டுவது எப்படி?

அஸ்தினாபுரத்தில் வசிப்பவர்களுக்கு விமானம் ஒரு அதிசயம் கிடையாது. ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். தலைக்கு மேல் சத்தம் கேட்டாலும் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால் போன மழைக்காலத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விமானம் விழுந்தது. மூன்று வார இறுதிகளாக நான் வெட்டி, மடித்து, ஒட்டிய காகித விமானம். ராத்திரி நன்றாகத்தான் நின்றது. காலையில் எழுந்து பார்த்தால், மேல் இறக்கை கீழ் இறக்கையின் மேல் படுத்துக்கிடந்தது. "பேப்பர்தானே, வேற எப்படி இருக்கும்?" என்றார் அம்மா.

அம்மா சொன்னது தவறு என்பது இரண்டாவது விமானத்தைக் கட்டி முடித்தபோதுதான் புரிந்தது. பிரச்சினை காகிதத்தில் இல்லை. நிஜ விமானமும் கிட்டத்தட்ட இவ்வளவு மெலிதான பொருட்களால்தான் செய்யப்பட்டிருந்தது. அப்படியென்றால் அது எப்படிப் பறந்தது? என்னுடையது ஏன் விழுந்தது? பார்க்கலாம்.

எந்த விமானம் இது?

பெயர் எஸ்.இ.5ஏ. முதல் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஒற்றை இருக்கைப் போர் விமானம். இறக்கையின் முழு நீளம் 8.11 மீட்டர், மூக்கிலிருந்து வால் வரை 6.38 மீட்டர். ஒரு துப்பாக்கி விமானியின் முன்னால், இன்னொன்று மேல் இறக்கையின் மேல்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்திரா லால் ராய். 1898 டிசம்பர் 2 அன்று கொல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படித்தவர். 1917 ஜூலையில், 18 வயதில், பிரிட்டிஷ் விமானப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விபத்துக்குள்ளாகி, பலத்த காயம். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். குணமாகிவந்த அந்த மாதங்களில் அவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? காகிதத்தில் விமானங்களை வரைவது. அவற்றில் பல ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன.

மேலதிகாரிகளிடம் பேசிப் பேசி, மறுபடியும் விமானத்தில் ஏறினார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரங்களில், அவர் கணக்கில் 10 எதிரி விமானங்கள். ஜூலை 22 அன்று பிரான்ஸின் கார்வின் பகுதிக்கு மேலே ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களுடன் நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அப்போது வயது 19. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அன்று பாராசூட்கூடக் கொடுக்கப்படவில்லை.

'டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ்' விருது பெற்ற முதல் இந்தியர் அவர். விருது மறைவுக்குப் பிறகுதான் வந்தது. பிறந்த நூற்றாண்டான 1998-ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவருடைய உறவினரான சுப்ரதோ முகர்ஜிதான், பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தளபதி.

ஏன் இரண்டு இறக்கை?

அன்றைய இன்ஜின்களுக்கு இன்றைய அளவுக்குச் சக்தி இல்லை. மெதுவாகப் போகும் விமானம் மேலெழும்ப நிறைய இறக்கைப் பரப்பு வேண்டும். ஒரே இறக்கையை ரொம்ப நீளமாக வைத்தால், மரச் சட்டமும் துணியும் அந்தச் சுமையைத் தாங்காது, ஒடிந்துவிடும்.

இதற்குத் தீர்வு பாலம் கட்டும் தொழிலிலிருந்து வந்தது. ஆக்டேவ் சானூட் என்ற ரயில்வே, பால இன்ஜினியர், 1896-ல் தன் கிளைடரில் இரண்டு இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே குச்சிகளை நிறுத்தி, குறுக்கே கம்பிகளை இழுத்துக் கட்டினார். ரயில்வே இரும்புப் பாலங்களில் குறுக்குச் சட்டங்களைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். தனித்தனியாக எல்லாம் பலவீனம். சேர்த்துக் கட்டினால் ஒரு பெட்டி, அது வளையாது.

அந்தக் குச்சிகளுக்கு 'ஸ்ட்ரட்' என்று பெயர். தாங்குகால் என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளில் இரண்டு வகை. விமானம் பறக்கும்போது இறக்கை மேலே தூக்கப்படும். அப்போது அதைப் பிடித்து இழுப்பவை ஒரு வகை. தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையால் தொங்கப் பார்க்கும். அப்போது தாங்குபவை இன்னொரு வகை. எந்தக் கம்பியும் அழகுக்காக இல்லை.

பல்லாவரத்தில் ஒரு இரட்டை இறக்கை

இந்தத் தொழில்நுட்பம் நம் ஏரியாவுக்குப் புதிதும் இல்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த ஒரு இரட்டை இறக்கை விமானத்தை 1910 மார்ச்சில் சோதித்துப் பார்த்த இடம் பல்லாவரம். வண்டி கட்டுவதில் பேர் வாங்கியிருந்த சிம்ப்சன் நிறுவனம்தான் அதைக் கட்டிக்கொடுத்தது. பிறகு தீவுத்திடலில் பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகாத காலம் அது. அஸ்தினாபுரத்திலிருந்து பல்லாவரம் சில கிலோமீட்டர்தான்!

சரி, காகிதத்தில் எப்படி?

காகித மாடலிங் பழைய பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மற்ற பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டனில் தபால் அட்டை அளவில் காகித மாடல்கள் விற்றன. போலந்தில் 1957-ல் இதற்கென்றே 'மாவி மோடெலாஷ்' என்ற பத்திரிகை தொடங்கப்பட்டது. அங்கே பரவிய அளவுதான் 1:33. அதாவது, நிஜத்தில் 33 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ.

அந்தக் கணக்கில் எஸ்.இ.5ஏ-வின் இறக்கை சுமார் 24.6 செ.மீ., உடல் சுமார் 19.3 செ.மீ. புத்தக அலமாரியில் உட்காரும் அளவு. இதற்கான வடிவத் தாள்கள் இணையத்தில் இலவசமாகவும் விலைக்கும் கிடைக்கின்றன. நான் எடுத்தது ஐந்து ஏ4 பக்கங்கள்.

தேவையான பொருட்கள்:

- 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரையிலான தாள். சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் துவளும்.
- கூரான கட்டர், வெட்டுவதற்கு அடியில் வைக்க ஒரு மேட், ஸ்டீல் ஸ்கேல், இடுக்கி. என் ஸ்கேலும் இடுக்கியும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை.
- வெள்ளைப் பசை. அதைத் தொட்டு வைக்க ஒரு பல்குத்தும் குச்சி.
- உள்சட்டங்களுக்குக் கெட்டி அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை இரண்டிரண்டாக ஒட்டினால் போதும்.
- தாங்குகால்களுக்குள் வைக்க, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள். மூங்கில் என்பதால் மெலிதாகச் சீவலாம், ஒடியாது.
- கம்பிகளுக்கு மெல்லிய நைலான் நூல்.

அச்சிடும்போதே ஆபத்து

என் முதல் விமானம் விழுந்ததற்கான காரணம் இங்கேதான் ஆரம்பித்தது. நான்கு தாள்களை ஒரு கடையில் பிரின்ட் எடுத்தேன். மேல் இறக்கை இருந்த தாள் கசங்கிவிட, அதை மட்டும் வேறு கடையில் எடுத்தேன். அங்கே 'ஃபிட் டு பேஜ்' தேர்வாகியிருந்தது, நானும் கவனிக்கவில்லை. மூன்று சதவீதம்தான் சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 24.6 செ.மீ. இறக்கையில் அது 7 மில்லிமீட்டருக்கும் அதிகம்!

எஸ்.இ.5ஏ-வில் மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் கிட்டத்தட்ட ஒரே நீளம். மேலே இருப்பது குட்டையானதால் தாங்குகால்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்தன. "பரவாயில்லை, பசை பிடிச்சிக்கும்" என்று அழுத்தி ஒட்டினேன். கம்பிகளை "கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி மழையின் ஈரப்பதத்தில் தாள் லேசாக இளகியதும், சாய்ந்து நின்ற கால்கள் மொத்தமாகச் சரிந்தன.

பாடம்: அளவு 100 சதவீதம் என்று வைத்து, எல்லாத் தாளையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அச்சிடுங்கள். தாளில் அளவுகோல் கோடு இருந்தால், ஸ்கேலை வைத்து அளந்த பிறகே கட்டரைத் தொடுங்கள். முடிந்தால் லேசர் பிரின்ட். இன்க்ஜெட் மை ஈரவிரல் பட்டாலே கலையும்.

காகிதம் சொல்லும் இரண்டு விதிகள்

முதல் விதி: காகிதம் ஒரே நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். வேர்க்கடலைக்குக் கூம்பு சுருட்டலாம், குழல் உருட்டலாம். ஆனால் ஒரு இட்லியைச் சுற்றிப் பாருங்கள், கசங்கும். அதனால்தான் எஸ்.இ.5ஏ காகிதத்துக்கு ஏற்ற விமானம். அதன் மூக்கில் இருப்பது சதுரமான ரேடியேட்டர், பக்கங்கள் பெரும்பாலும் தட்டை. அதே காலத்து சாப்வித் கேமல் விமானத்தின் உருண்டை மூக்கைச் செய்ய, பூவிதழ் மாதிரி பல துண்டுகளாக வெட்டி ஒட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது விதி: காகிதத்துக்கு இழை உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். அந்த இழையின் போக்கிலேயே சுருட்டினால் தாள் சுலபமாக வளையும். எதிராகச் சுருட்டினால் முறியும். தாளை லேசாக இரு பக்கமும் வளைத்துப் பார்த்தாலே எது சுலபம் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கட்டும் வரிசை

1. உடல்: மடிக்கும் முன் எல்லா மடிப்புக் கோட்டிலும், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுங்கள். அட்டைச் சட்டங்களை உள்ளே வைத்து உடலை மூடுங்கள். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியும். அதே நிற வாட்டர் கலரைத் தடவினால் மறையும்.

2. இறக்கைகள்: மேல்பக்கத் தாளை ஸ்கேல் விளிம்பில் இழுத்து மெல்ல வளைவு கொடுங்கள். உள்ளே நீளவாக்கில் ஒரு அட்டைப் பட்டை. முன் விளிம்பைக் கூராக மடிக்காதீர்கள். அது உருண்டையாக இருக்க வேண்டும்.

3. கீழ் இறக்கையும் வாலும்: உடலோடு ஒட்டிவிட்டு, முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா? இங்கே தவறினால் பிறகு சரிசெய்ய முடியாது.

4. தாங்கு சட்டம்: இதைத்தான் முதல்முறை நான் செய்யவில்லை. ஆன்லைன் டெலிவரி அட்டைப்பெட்டியில் இரண்டு துண்டு வெட்டி, மேல் இறக்கை எந்த உயரத்தில், எவ்வளவு முன்னால் தள்ளி நிற்க வேண்டுமோ, அப்படியே பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டம் செய்யுங்கள். இறக்கை அதில் உட்காரட்டும். பிறகு உடலுக்கு மேலே உள்ள 4 கால்கள், அடுத்து வெளியே உள்ள 4 கால்கள். கால் இறக்கையைத் தூக்கி நிறுத்தக் கூடாது. ஏற்கனவே சரியாக நிற்கும் இறக்கைக்கு நடுவே போய்ச் செருக வேண்டும். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும்.

5. கம்பிகள்: அட்டைச் சட்டத்தை எடுக்கும் முன்பே நூலைக் கட்டுங்கள். உடலின் அடியிலிருந்து வெளிக்காலின் மேல்முனைக்கு ஒன்று; நடுக்காலின் மேலிருந்து வெளிக்காலின் கீழ்முனைக்கு இன்னொன்று. வலது, இடது மாறி மாறிக் கட்டுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

6. கடைசியாக: சக்கரம், புரொப்பல்லர், துப்பாக்கிகள். கை பட்டு ஒடியக்கூடியவை எல்லாம் இறுதியில்தான்.

மழைக்கால எச்சரிக்கை: பசையைக் குறைவாக வையுங்கள். அதில் இருக்கும் தண்ணீரே தாளை ஊதிப்போகச் செய்யும். முடித்த பிறகு மெலிதாக ஒரு கோட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் ஈரத்திலிருந்து ஓரளவு காப்பாற்றும்.

கடைசி நூல்

இரண்டாவது விமானத்துக்கு நான்கு வார இறுதிகள் ஆனது. நூல் கட்டும் முன் இறக்கை நுனியைத் தொட்டால் மொத்தமும் ஆடியது. எட்டாவது நூலை இழுத்துப் பசை வைத்து, காய்ந்த பிறகு தொட்டேன். ஆடவில்லை. நுனியைப் பிடித்துத் தூக்கினால் முழு விமானமும் சேர்ந்து எழும்பியது. அதே தாள், அதே பசை, அதே ஊதுபத்திக் குச்சி. ஒழுங்காகச் சேர்ந்ததுதான் வித்தியாசம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காக்பிட் ஓட்டையைக் காட்டி, "இதுக்குள்ளயா உக்காந்தான் அந்தப் பையன்?" என்று கேட்டார்.

ஆமாம். சுற்றிலும் மரம், துணி, கம்பி, அவ்வளவுதான். படத்திலும் கட்டுரையிலும் படித்தபோது அது எனக்கு ஒரு தகவல். இந்த ஓட்டையை என் கையால் வெட்டி, அதைச் சுற்றி எதுவும் இல்லை என்று பார்த்தபோதுதான், 19 வயது என்றால் என்ன என்று புரிந்தது.

இப்போது அது ஜன்னலோர அலமாரியில் இருக்கிறது. மேலே சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.