துளையின் செம்மை

ஒரு பொருளை வெட்டுவதும் துளைப்பதும் எளிய செயல்கள். குறித்த இடத்தில், குறித்த ஆழத்தில், பிசிறின்றி அவற்றைச் செய்வதோ அரிய கலையாகும். இவ்வுண்மையை மன்னார் மாவட்டத்து முசலிக் கரையின் பழைய முத்துத் தொழில் நன்கு விளக்குகின்றது.

முசலிப் பகுதியிலுள்ள அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி ஆகிய ஊர்களை அடுத்த கரையிலே முற்காலத்தில் முத்துச் சலாபங்கள் பல நடைபெற்றன. குளியாளர் உயிரைப் பணயம் வைத்து எடுத்த முத்து, கோக்கப்படுவதற்காக ஊசிமுனைக்கு வரும். துளை கோணினால் மாலையில் முத்து நேரே அமையாது. துளைவாய் சிதறினால் விலை வீழும். சிதைந்த முத்தை மீட்க வழியில்லை.

1799 முதல் 1804 வரை இலங்கையில் வாழ்ந்த ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியிட்ட தம் நூலில் இத்தொழிலை விரித்துரைத்துள்ளார். தலைகீழாய் நிறுத்திய கூம்பு போன்ற மரக்கட்டை மூன்று கால்களின்மேல் நிற்கும். அதன் தட்டையான மேற்புறத்தில் பல அளவான குழிகள் உண்டு. முத்து தன் அளவுக்கேற்ற குழியில் அசையாதவாறு இறுக்கப்படும். நாணற் குழலிற் பொருத்திய ஊசியின் மேல்முனை, தொழிலாளியின் நெற்றியில் அழுந்தும் சிரட்டையிற் சுழலும். மூங்கில் வில் ஊசியைச் சுழற்ற, அவர் வலக்கைச் சிறுவிரலை அருகிலுள்ள நீரில் தோய்த்து ஊசியை நனைப்பார். ஆயினும் வேலை தடைப்படாது. பெரிய முத்துக்களில் முதலிற் கைபழகிய பின்னரே சிறியவற்றைத் தொடுவர்.

இச்செய்முறை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முத்து, கல்சியம் காபனேற்றின் நுண்தகடுகள் புரதப்பொருளாற் பிணைக்கப்பட்ட அடுக்குகளால் ஆனது. முத்து அசைந்தால் அடுக்கின் விளிம்பு சிதறும். ஊசி மழுங்கினால் துளைப்பதற்கு மாறாக நசுக்கும். உராய்வின் வெப்பம் மிகுந்தால் பிணைப்பு கெடும். எனவே உறுதியான பிடிப்பு, தீட்டிய முனை, தணிந்த சூடு ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

இக்காலத்து ஒட்டுச்சீட்டுகளை வடிவமாக வெட்டும் இயந்திரமும் இவ்விதிக்கு விலக்கன்று. ஒட்டுச்சீட்டும் அடுக்குகளால் ஆனதே: மேலே அச்சிட்ட தாள், நடுவே பசை, கீழே சிலிக்கோன் பூசிய தாங்குதாள். அச்சுக்கத்தி முதலிரண்டையும் அறுத்துத் தாங்குதாளைத் தொட்டளவில் நின்றுவிட வேண்டும். கத்திக்கு எதிரே தாங்கி நிற்கும் பரப்பு சமமில்லையேல், ஓரிடம் அறுபடாது நிற்க, மற்றோரிடத்தில் தாங்குதாளும் வெட்டுண்ணும். கழிவுத்தாளை உரிக்கையில் சீட்டும் உடன் பெயரும் அல்லது தாங்குதாள் கிழியும். கத்தி மழுங்கினால் விளிம்பு பிசிறும். சூடு மிகுந்தால் பசை இளகிக் கத்தியிற் படியும். இக்குறைகளை நீக்க அழுத்தத்தைக் கூட்டுவது பயன் தராது. அதனால் தாங்குதாளே பழுதுறும். பரப்பைச் சமப்படுத்துவதும் கத்தியைத் தீட்டுவதுமே தக்க வழிகள்.

முத்து விலை மிக்கது, சீட்டோ மலிவானது. எனினும் செம்மையான வெட்டு வலிமையால் விளைவதன்று, அடக்கத்தால் விளைவது என்பதே இரண்டும் உணர்த்தும் பாடமாகும்.